விளிம்பைத் தாண்டிய மாசானம்

ஓலைவிளையில் நாலு பேர் இருந்தார்கள். ஊரில் வேறு ஆட்களும் உண்டு. ஆனால் அவர்களுக்கெல்லாம் வேலை இருந்தது, இந்த நாலு பேருக்கு யோசனை இருந்தது. மூத்தவர் மாசானம். அடுத்தவர் தளவாய், எதையும் சட்டப்படிதான் பேசுவார். எந்தச் சட்டம் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார். மூன்றாவது மந்திரம், யார் எதைச் சொன்னாலும் 'ஏன்' என்று கேட்பார், பதில் வருவதற்குள் வேறு பக்கம் பார்ப்பார். நாலாவது அய்யாக்குட்டி. நாலு பேரில் ஒருத்தராவது எல்லாவற்றுக்கும் ஆமாம் போட வேண்டுமே, அதற்காக அவர். இவர்களை நான் முட்டாள்கள் என்று சொல்லவில்லை. ஊரே சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் வேறு எதற்குத் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

மாசானத்தின் மனைவி பெயர் சந்தனமாரி. பதநீர்க் காலம் முழுக்க அடுப்புப் புகையில் நின்று கருப்பட்டி காய்ச்சுகிறவள். அவள் கருப்பட்டிக்கு அக்கம்பக்கத்தில் தனி மரியாதை. கட்டிக்கொண்டு வந்த நாள் முதலாக அவள் மாசானத்தை ஒரு வார்த்தை திட்டியது கிடையாது. அதுதான் மாசானத்துக்குத் தீராத வேதனை. அவர் செய்து முடித்த வேலையைப் பார்ப்பாள், ஒரு பெருமூச்சு விடுவாள், புடவையைச் செருகிக்கொண்டு அதை முதலிலிருந்து மறுபடி செய்வாள். சாவதற்குள் இவள் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று மாசானம் ஏங்கினார். கோயிலுக்குப் போனாலும் அதையேதான் வேண்டிக்கொண்டார். சாமியும் எத்தனை நாளைக்குத்தான் காதில் விழாத மாதிரி இருக்கும்?

தூத்துக்குடியிலிருந்து தோணிகள் கொழும்புக்குப் பாய் விரித்துப் போய்வந்துகொண்டிருந்த காலம் அது. கொழும்பில் மண்டி வைத்திருந்த நூகு முதலாளிக்குச் சந்தனமாரியின் கருப்பட்டி சாம்பிள் எப்படியோ போய்ச் சேர்ந்தது. வாயில் போட்டுப் பார்த்தவர், அந்தப் பருவத்துக் கருப்பட்டி முழுவதும் தனக்கே வேண்டும் என்று ஆள் அனுப்பிவிட்டார். சந்தனமாரிக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்ததை ஊரே பார்த்தது. தானே துறைமுகம் வரை போய் ஏற்றிவிட்டு வரலாம் என்றுதான் நினைத்தாள். கடைசிக் காய்ச்சல் அடுப்பில் இருந்தது, விட்டுவிட்டுப் போக முடியவில்லை. வேறு வழியில்லாமல் மாசானத்தைக் கூப்பிட்டாள்.

"சொன்னதைச் சொன்னபடி செய்யுங்க. சொந்தமா ஒண்ணும் யோசிக்க வேண்டாம்" என்றாள்.

எவ்வளவு கெட்டிக்காரிக்கும் ஒரு நாள் புத்தி பிசகும்.

தூத்துக்குடி ஏஜென்ட் தாவீது சைக்கிள் மிதித்து ஓலைவிளைக்கே வந்து விவரம் சொல்லிவிட்டுப் போனார். கருப்பட்டி கட்டிய ஓலைச் சிப்பம் ஒவ்வொன்றிலும் வாங்குகிறவர் பெயரை மையால் எழுத வேண்டும். மேல் பக்கம் எது என்று அம்புக்குறி போட வேண்டும், அம்பு எப்போதும் வானத்தைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. வேறு சரக்கோடு கலக்கக் கூடாது. இதெல்லாம் சொன்னபின் எஃப்.ஓ.பி. என்றார். நாலு பேரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள்.

"அதாவது அண்ணாச்சி, தோணியோட விளிம்பு இருக்கில்லா, அது வரைக்கும்தான் சரக்கு உங்க பொறுப்பு. விளிம்பைத் தாண்டி உள்ள போயிட்டா அப்புறம் வாங்குறவரு பொறுப்பு. நல்லதோ கெட்டதோ, நீங்க கேக்க வேண்டாம்" என்றார் தாவீது.

உலகத்துக் கப்பல் வியாபாரமே அந்த ஒரு பேச்சில்தான் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையோ நாட்டுக்காரர்கள் அதை வைத்துப் பிழைத்தார்கள். ஓலைவிளைக்காரர்கள் கையில் அது அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிக்கியது.

சிப்பங்களில் பெயர் எழுதி, அம்புக்குறி போட்டு, மாட்டுவண்டியில் ஏற்றிக் கிளம்பினார்கள். பாதி வழியில் ஒரு வாய்க்கால் பாலம். பாலத்தில் ஏற வண்டி முன்பக்கம் உயர்ந்தது. அத்தனை அம்பும் வானத்தை விட்டுவிட்டுப் பின்னால் வந்துகொண்டிருந்த அய்யாக்குட்டியைக் குறி பார்த்தன. தளவாய் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். சிப்பங்களை எல்லாம் இறக்கி, அம்பு சாயாமல் ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திப் பாலத்தைக் கடந்து, அந்தப் பக்கம் மறுபடி ஏற்றினார்கள். வண்டிக்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார். அவருக்கு வேறு ஊர்.

பாதிச் சிப்பம் சுமக்கும்போதே வேர்த்துக் கொட்டியது. அப்போது மந்திரம் ஒரு கேள்வி கேட்டார். வேர்வை தண்ணீரில் சேருமா சேராதா? நாலு பேரும் நடுரோட்டில் உட்கார்ந்து யோசித்தார்கள். சேரும் என்று முடிவானது. அதன்பின் ஒருவர் சிப்பத்தைத் தூக்கினால் இன்னொருவர் அவருக்குப் பனையோலை விசிறியால் வீசினார். இரண்டு பேர் சுமக்க இரண்டு பேர் விசிறினார்கள். அரசாங்க ஆபீஸ்கூட இவ்வளவு ஒழுங்காக நடக்காது.

ஒருவழியாகத் துறைக்கு வந்தார்கள். தோணியின் தலைவர் கயித்தான் தண்டல் காத்துக்கொண்டிருந்தார். வெங்காயம் ஏற்கெனவே ஏற்றி ஒரு பக்கம் தனியாக அடைத்திருந்தார். கருப்பட்டிக்கு இடம் காலியாக வைத்திருந்தார். துறையில் நீர் வற்றுவதற்குள் கிளம்ப வேண்டும், சீக்கிரம் ஏற்றுங்கள் என்றார்.

முதல் சிப்பத்தை நாலு பேரும் சேர்ந்து தூக்கி விளிம்புக்கு மேலே கொண்டுபோனார்கள். "தாண்டியாச்சு" என்றார் தளவாய். உடனே நாலு பேரும் கையை எடுத்துவிட்டார்கள். சிப்பம் தோணியின் அடித்தட்டில் போய் விழுந்து ஓலை கிழிந்து, உள்ளே இருந்த கருப்பட்டி நாலாபக்கமும் ஓடியது. கயித்தான் தண்டல் தலையில் கை வைத்துக்கொண்டு, ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். அடுத்தவர் பொறுப்பில் நாங்கள் எப்படிக் கை வைக்க முடியும் என்று தளவாய் திருப்பிக் கேட்டார்.

மாசானம் மட்டும் குனிந்து உள்ளே பார்த்தார். உடைந்தது சந்தனமாரி காய்ச்சிய கருப்பட்டி. கண் சிவக்கச் சிவக்க அவள் அடுப்பு ஊதினது அவருக்குத் தெரியும். சட்டம் சட்டம்தான், அதை மீற முடியாது. ஆனால் இரண்டாவது சிப்பம் அப்படி விழுவதைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. அது விளிம்பைத் தாண்டியதும் மற்ற மூன்று பேரும் சட்டப்படி கையை எடுத்தார்கள். மாசானம் எடுக்கவில்லை. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். சிப்பம் உள்ளே போயிற்று, மாசானமும் அதோடு தலைகுப்புற உள்ளே போய்விட்டார்.

விழுந்தது வெங்காய மூட்டை மேல். சிப்பத்துக்கும் சேதமில்லை, மாசானத்துக்கும் சேதமில்லை, வெங்காயத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. எழுந்து, விளிம்பைப் பிடித்து ஏறி வெளியே வந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஏறத்தான் போனார். தளவாய் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணாச்சி இப்ப எங்க இருக்காரு?" என்று மற்ற இரண்டு பேரிடமும் கேட்டார்.

"தோணிக்குள்ள" என்றார் மந்திரம்.

"விளிம்புக்கு எந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம்."

"அப்ப அவருக்கு யாரு பொறுப்பு?"

அய்யாக்குட்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "நூகு முதலாளி" என்றார்.

"ஏன், கையைப் பிடிச்சு வெளிய இழுத்துட்டா?" என்று கேட்டார் மந்திரம்.

"அடுத்தவன் சரக்க எடுக்கிறதுக்குப் பேரு என்னலே?" என்றார் தளவாய்.

மந்திரம் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளேயிருந்து மாசானத்தின் குரல் கேட்டது.

"என்னைத் தொடாதீங்கலே. ஓலைவிளைக்குத் திருட்டுப் பட்டம் வேண்டாம்."

அப்படிப்பட்ட நேர்மையாளர் அவர். இந்த நேர்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் சந்தனமாரிக்கு இதுவரை தெரியவில்லை.

சரக்கு என்று ஆனபின் முறைகள் இருக்கின்றன அல்லவா. மாசானத்தின் முதுகில் 'நூகு, கொழும்பு' என்று மையால் எழுதினார்கள். நெஞ்சில் தலையைப் பார்த்து ஓர் அம்புக்குறி போட்டார்கள். நனையாமல் இருக்க அய்யாக்குட்டி தன் குடையைக் கொடுத்தார். மிச்சக் கருப்பட்டியை ஏற்றலாம் என்று கயித்தான் தண்டல் சொன்னபோது நாலு பேருமே பதறிவிட்டார்கள். வேறு சரக்கோடு கலக்கக் கூடாது என்று ஏஜென்ட் படித்துப் படித்துச் சொன்னாரே. ஏற்கெனவே இரண்டு சிப்பம் கலந்துபோனது விபத்து. தெரிந்தே கலப்பது துரோகம்.

தண்டல் பார்த்தார், துறையில் நீர் வற்றிக்கொண்டிருந்தது. தோணியில் ஓர் ஆள் குறைவு. இந்த மனுஷனைத் தோணிக்குள் ஊறுகிற தண்ணீரை இறைக்க வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார். ஆனால் சரக்கு ஏறியதற்குச் சீட்டுத் தராமல் தளவாய் கயிற்றை அவிழ்க்க விடவில்லை. தண்டல் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தார்: 'கருப்பட்டிச் சிப்பம் ரெண்டு, ஒண்ணு உடைசல். ஆள் ஒண்ணு. பார்வைக்கு நல்ல நிலையில் உள்ளது. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு நான் பொறுப்பில்லை.' தண்டல்கள் எல்லாருமே சரக்குச் சீட்டில் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் அது இவ்வளவு பொருத்தமாக அமைந்தது அதற்கு முன்னால் கிடையாது.

கடலில் மாசானம் அடித்தட்டின் நடுவில் குடை பிடித்துக்கொண்டு நேராக நின்றார். கருப்பட்டியோடு கலந்துவிடாமல் எட்டி நின்றார். தண்டல் வந்து தண்ணீர் இறைக்கக் கூப்பிட்டபோது அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது.

"சரக்கு எங்கயாவது தண்ணி இறைக்குமா தண்டல்?" என்று கேட்டார்.

அப்படியானால் சரக்கு கஞ்சி குடிக்குமா என்று தண்டல் கேட்டார். மாசானம் அதையும் யோசித்து வைத்திருந்தார். ஆடு மாடு ஏற்றினால் தழை போடுவார்கள் என்று சொல்லிக் கஞ்சிக் கும்பாவை நீட்டினார்.

உட்காரச் சொன்னால் உட்கார்ந்தார், படுக்கச் சொன்னால் மறுத்துவிட்டார். படுத்தால் அம்பு வானத்தைப் பார்க்காது. தோணி ஆடிய ஆட்டத்தில் பார்க்கிறவர்களுக்கே கால் வலித்தது. கயித்தான் தண்டல் மனசு இளகி, கரிக்கட்டையை எடுத்து வந்து பழைய அம்பை அழித்து நெஞ்சுக்குக் குறுக்கே புதிதாக ஓர் அம்பு போட்டுக் கொடுத்தார். அதன்பின் மாசானம் ஒருக்களித்துப் படுத்து நிம்மதியாகத் தூங்கினார். கோழி மாதிரி இடையிடையே தலையைத் தூக்கி அம்பைச் சரி பார்த்துக்கொண்டார்.

தூக்கம் வராத நேரத்தில் சந்தனமாரியை நினைத்துக்கொண்டார். கருப்பட்டி எல்லாம் கரையில் கிடக்கிறதே என்ற கவலை ஒரு பக்கம் இருந்தது. ஆனாலும் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறோம், சொந்தமாக ஒன்றும் யோசிக்கவில்லை, இந்தத் தடவை அவள் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லாமல் இருக்க முடியாது என்று தேற்றிக்கொண்டார்.

கொழும்பில் மற்ற சரக்கெல்லாம் இறங்கியது. மாசானம் இறங்கவில்லை. சரக்கு தானாக நடந்து இறங்காது, வாங்குகிறவர் வந்து பார்த்து எடுக்க வேண்டும். தண்டல் ஆள் விட்டு நூகு முதலாளியை வரவழைத்தார். முதலாளி பொறுமையான மனுஷர். உடைந்த சிப்பத்திலிருந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார், முகம் மலர்ந்தது. பிறகு மாசானத்தைச் சுற்றி வந்து முதுகில் தன் பெயரைப் படித்தார். மலர்ந்த முகம் வாடிவிட்டது.

மாசானம் அவருக்கு விளிம்பு விஷயத்தை விளக்கினார். முதலாளி முழுக்கக் கேட்டார். இரண்டு சிப்பத்தையும் எடுத்துக்கொள்வதாகவும், ஆளை எடுத்துக்கொள்ள முடியாது என்றும் சொன்னார். அதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று மாசானம் அழுத்தமாகக் கேட்டார். சரக்கை வேண்டாம் என்று தள்ளினால் காரணம் சொல்வதுதானே முறை.

"சாம்பிளுக்கு வந்தது இனிப்பா இருந்திச்சு வாப்பா" என்றார் நூகு முதலாளி. "இது சாம்பிள் மாதிரி இல்ல."

சரக்கு இறங்காமல் தோணி முடங்கிக் கிடந்தால் டெமரேஜ் என்கிற தாமதக் கூலியை யார் தருவது என்று தண்டல் நடுவில் புகுந்து கத்தினார். முதலாளி அவரைத் தனியாக அழைத்துப்போய், இந்த ஆளைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிட்டு அடுத்த நடையில் கருப்பட்டியை மட்டும் கொண்டுவரச் சொன்னார். மட்டும் என்பதை மூன்று தடவை சொன்னார்.

திரும்பி வரும்போது மாசானம் கஞ்சிகூடச் சரியாகக் குடிக்கவில்லை. கடல் கடந்து போய், தரமில்லை என்று தள்ளப்பட்டுத் திரும்பி வருகிறார். எந்த முகத்தோடு சந்தனமாரியைப் பார்ப்பது? ஓலைவிளையில் அவள் கருப்பட்டியை இதுவரை ஒருத்தர்கூடத் திருப்பி அனுப்பியதில்லை. அவள் வீட்டிலிருந்து போய்த் திரும்பி வந்த முதல் சரக்கு தான்தான் என்று நினைத்து அழுதார். தண்டலுக்கே பாவமாகப் போய்விட்டது.

தூத்துக்குடித் துறையில் சந்தனமாரி நின்றிருந்தாள். பக்கத்தில் மற்ற மூன்று பேர். பின்னால் கருப்பட்டிச் சிப்பங்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. பார்த்தவுடனேயே யார் அடுக்கியது என்று மாசானத்துக்குத் தெரிந்துவிட்டது. அவர் தோணியை விட்டு இறங்க மறுத்தார். திரும்பி வந்த சரக்கை அனுப்பினவர்தான் பார்த்து ஏற்க வேண்டும் என்றார். அனுப்பினது யார் என்று தளவாயும் மந்திரமும் ஆரம்பித்தார்கள். சந்தனமாரி அவர்கள் பக்கம் திரும்பினாள். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"நான்தான் அனுப்பினேன். இறங்குங்க" என்றாள்.

"முதல்ல சேதம் இருக்கான்னு பாரு சந்தனம்" என்றார் மாசானம்.

அவள் விளிம்புக்கு வெளியிலிருந்தே மேலும் கீழும் பார்த்தாள். "போகும்போது எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கு. கெட்டுப்போக இதுல என்ன இருக்கு?" என்றாள். மாசானம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரையில் இறங்கினார். அது நல்ல வார்த்தையா இல்லையா என்று அவருக்குச் சந்தேகமாகவே இருந்தது. அய்யாக்குட்டி நல்ல வார்த்தைதான் என்றார். அவர் எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்வார்.

இந்தத் தடவை ஏற்றுகிற வேலையை யாரிடமும் விடவில்லை சந்தனமாரி. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு விளிம்பைத் தாண்டி அவளே தோணிக்குள் இறங்கி நின்றாள். நாலு பேரும் விளிம்பு வரை தூக்கிக்கொண்டு வந்து கையை விட வேண்டியது, அவள் உள்ளேயிருந்து வாங்கி அடுக்க வேண்டியது. ஒரு சிப்பம் உடையவில்லை, ஒரு கருப்பட்டி சிந்தவில்லை. கயித்தான் தண்டல் இப்படி ஓர் ஏற்றுமதியைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. வேலை முடிந்ததும் அவள் கையைத் தட்டிவிட்டு வெளியே வர விளிம்பில் கால் வைத்தாள்.

"மைனி" என்றார் தளவாய்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மூன்று பேரும் மாசானத்தைப் பார்த்தார்கள். இதைச் சொல்ல வேண்டியவர் அவர்தான் என்று அவர்களுக்குத் தோன்றியது. மாசானத்துக்கு அதைச் சொல்ல மனசில்லை. இருந்தாலும் சொந்தப் பொண்டாட்டி என்பதற்காகச் சட்டத்தை வளைக்கிற ஆள் இல்லை அவர்.

"நீ விளிம்பைத் தாண்டிட்ட சந்தனம். இனிமே நீ நூகு முதலாளி பொறுப்பு. அவரு வேண்டாம்னு திருப்பி அனுப்பினாத்தான் கரைக்கு வரலாம்" என்றார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப கரையில இருக்கிற நீங்க நாலு பேரும் என் பொறுப்பு இல்லயா?" என்று நிதானமாகக் கேட்டாள்.

"இல்ல" என்றார் மாசானம். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சந்தனமாரி நாலு பேரையும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள். பிறகு விளிம்பிலிருந்து காலை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, நம்ம கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்க பேசினதுல இது ஒண்ணுதான் எனக்கு மனசுக்கு நிறைவா இருக்கு" என்றாள். பிறகு தண்டலைப் பார்த்து, "அண்ணே, கயிற அவுத்து விடுங்க. என் கருப்பட்டிய நானே வித்துட்டு வாரேன்" என்றாள். சிப்பங்களுக்கு நடுவில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். அவள் அப்படிக் காலை நீட்டி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

தோணி நகர்ந்தது. மாசானத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. கேட்டீங்களா, என்ன சொன்னா கேட்டீங்களா என்று மூன்று பேரையும் மாறி மாறிப் பிடித்து உலுக்கினார். மூன்று பேரும் கேட்டோம் கேட்டோம் என்றார்கள். பாய் விரிந்து தோணி சின்னதாகிற வரை கையை ஆட்டிக்கொண்டே நின்றார்கள்.

அப்போதுதான் அய்யாக்குட்டிக்கு, ஆமாம் போட்டே பழகின அந்த மனுஷனுக்கு, வாழ்க்கையில் முதன்முதலாகச் சொந்தமாக ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணாச்சி, உங்களை மாதிரி மைனியையும் அந்த முதலாளி வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டார்னா?"

மாசானத்துக்கு வந்ததே கோபம்.

"என்னலே பேசுத? என் பொண்டாட்டிய யாரு வேண்டாம்பா? அவ முதல் தரம்லே. ஒருநாளும் திருப்பி அனுப்ப மாட்டாரு" என்றார்.

மூன்று பேருக்கும் அப்போதுதான் உயிர் வந்தது. மாசானத்தை நடுவில் விட்டு, பெருமையாக வீட்டுக்கு நடந்தார்கள்.